அத்தையின் இருபத்தைந்து டிகிரி

நிறைந்த கேன்களோடு போன அத்தை, நிறைந்த கேன்களோடேயே திரும்பி வந்த அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மொபெட்டின் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்ட அலுமினியக் கேன்கள், காரைக்குடிக்குப் போய்த் திரும்பும்போது காலியாக மோதிக்கொண்டு தெருமுனையிலிருந்தே சத்தம் போடும். அதைக் கேட்டதும் நான் அடுப்பில் காப்பித் தண்ணீரை வைப்பேன். அன்றைக்குச் சத்தமே இல்லை. தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது அவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தில் சுற்றிய துண்டை அவிழ்க்கவில்லை.

“ஒரு டீக்கடை தொறக்கல. ஓட்டலு, மிட்டாய்க்கடை எல்லாம் பூட்டு. பாலுன்னு சொன்னதும் போலீசுக்காரவுக விட்டுட்டாக. விட்டு என்ன செய்ய? வாங்க ஆளு இல்லையே” என்றார்.

நோய்க்காலத்தின் முதல் ஊரடங்கு தொடங்கிய வாரம் அது. வீட்டில் நானும் என் மாமியாரான அத்தையும் மட்டும்தான். என் கணவர் குவைத்தில் இருந்தார். விமானங்கள் நின்றுபோனதால் வர முடியவில்லை. நான் பள்ளத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சிவகங்கையில், அரசு அலுவலக எழுத்தர் ஒருவருக்குப் பிறந்து, பாலைப் பாக்கெட்டாக மட்டுமே பார்த்து வளர்ந்தவள். திருமணமாகி வந்த நாளிலிருந்து தொழுவத்தின் பக்கம் நான் போனதில்லை, அத்தையும் கூப்பிட்டதில்லை. பள்ளியை மூடிய மறுநாள் காலையில் மட்டும் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, “சும்மா இருந்தா கிறுக்குப் பிடிக்கும்” என்றார். அப்படித்தான் ஏழு மாடுகளுக்கும் எனக்கும் பழக்கமானது. பத்து நாளில் எது உதைக்கும், எது உரசும், எது என் குரல் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பறையில்கூட இவ்வளவு சீக்கிரம் நான் பெயர்களைப் படித்ததில்லை.

பால் மட்டும் ஊரடங்குக்குக் கட்டுப்படவில்லை. காலையிலும் மாலையிலும் மடி நிறைந்தது. கறக்காமல் விட்டால் மாடு கதறும். முதல் நாள் பாலைத் தயிராக்கினோம். இரண்டாம் நாள் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். மூன்றாம் நாள், ஆத்தங்குடியில் தரையோடு செய்யும் பட்டறைகளில் வேலை நின்றுபோய் வீட்டிலிருந்த குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் அத்தை. நான்காம் நாள் வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. எல்லார் வீட்டுப் பாத்திரமும் நிறைந்திருந்தது. அன்று மாலை கொல்லையில் ஒரு குழி வெட்டி அதில் பாலை ஊற்றினார். மண் அதைக் குடிக்க நேரம் எடுத்துக்கொண்டது. வெள்ளையாகத் தேங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம்.

அதைவிடப் பெரிய கவலை தீவனம். லாரி வராததால் கடையில் தவிடும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. ஏழு மாடுகளும் வெறும் வைக்கோலைத் தின்று நின்றன. சினையாக இருந்த செவலைக்கு விலாவெலும்பு தெரிய ஆரம்பித்தது. மாட்டுத் தரகர் ஒருவர் வந்து வாசலுக்கு வெளியே நின்றபடி, “ரெண்டைத் தள்ளி விட்டுருங்க, மிச்சம் பொழைச்சுக்கிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் எந்த இரண்டு என்று அத்தை மனத்துக்குள் தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மாட்டையும் அவர் தொட்ட விதத்தில் தெரிந்தது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பால் உற்பத்தியாளர் சங்கம் இருக்கிறது. அங்கே பாலை ஊற்றினால் வண்டி வந்து எடுத்துப் போகும். ஊரில் மாடு வைத்திருக்கும் எல்லாரும் அங்கேதான் ஊற்றினார்கள். அத்தை மட்டும் ஊற்றுவதில்லை. அதற்கான காரணத்தை நான் கல்யாணமான முதல் வாரத்திலேயே, கோயிலில் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். “இது யாரு புதுப்பொண்ணு?” என்றாள் ஒருத்தி. “நம்ம தண்ணிப்பால்காரி மருமக” என்றாள் மற்றவள்.

என் திருமணத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, மழை பொய்த்த ஒரு கோடையில், சங்கத்துச் செயலாளர் வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அத்தையின் பாலில் லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பாலின் அடர்த்தியைக் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழலில் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே போனால் பாலை எடுக்க மாட்டார்கள். அத்தையின் பால் இருபத்தைந்தில் நின்றது. “தண்ணி சேந்திருக்கு, எடுக்க முடியாது” என்று அவர் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்தது. மறுநாள் ஊர்க் காதில் விழுந்தது. கணவரை இழந்து, ஒற்றை மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த பெண்மணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் கணவரைப் பள்ளியில் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். அத்தை பாலைச் சங்கத்து வாசலிலேயே கவிழ்த்துவிட்டு வந்தவர்தான், அதன்பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டார். காரைக்குடிக் கடைகளுக்குத் தினமும் தானே போனார்.

குழியில் பால் ஊற்றிய மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் வந்தது. அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது, கறக்கும் பால் முழுவதையும் சங்கம் எடுத்துக்கொள்ளும், உறுப்பினர் இல்லாதவர்களும் ஊற்றலாம், மாட்டுத்தீவனமும் தாது உப்பும் சங்கம் மூலமாகச் சலுகை விலையில் வரும், கால்நடை மருத்துவர் நேரில் வருவார். வண்டி அறிவித்துக்கொண்டே கடந்து போனது. நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு முழுதும் காதில் விழும்வரை அதன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினேன். முகக்கவசம் போட மறந்து ஓடியதற்கு எதிர்வீட்டுக்காரர் திட்டினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து எல்லாவற்றையும் வரி விடாமல் ஒப்பித்தேன்.

அத்தை வைக்கோலை உதறிக்கொண்டே கேட்டார். “நல்லதுதான். ஊத்துறவுக ஊத்தட்டும்” என்றார்.

“நம்மளும் ஊத்தலாம்னுதான் அத்தை சொல்றாக.”

“அந்தாளு இருக்கிற எடத்துக்கா?”

அவ்வளவுதான். இரண்டு நாள் நான் பேசிப் பார்த்தேன். குவைத்திலிருந்து என் கணவரும் பேசிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் செவலை காலித் தொட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. போன மாதம் தின்ற தவிட்டின் வாசம் சிமெண்டில் இருந்திருக்கும் போல. நாக்கு உரசும் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. அத்தை கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கேனைக் கழுவினார். “கெளம்பு. நீயும் வா. எண்ணு எல்லாம் ஒனக்குத்தான் தெரியும். எத்தனை காட்டுதுன்னு நீ உத்துப் பாக்கணும்” என்றார்.

சங்கத்து வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு ஒருவராக இருபது பேர் நின்றார்கள். அத்தையைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் எல்லாம் எங்களைப் பார்த்தன. ஒருபுறம் சிறிய லாரியிலிருந்து தீவன மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றைப் பிரித்துக் கொடுப்பதற்காகக் கால்நடை மருத்துவர் வந்திருந்தார். என்னைவிட வயதில் சிறிய பெண். யாருக்கு எத்தனை மாடு, எத்தனை சினை என்று கேட்டுக்கொண்டே போனார்.

எங்கள் முறை வந்தது. செயலாளர் அத்தையைப் பார்த்தார். முடி முழுவதும் நரைத்த மனிதர். ஒரு பைசா தவறு செய்யாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அத்தை கேனை மேசைமேல் வைத்தார். அவரைப் பார்க்காமல், பக்கத்துத் தூணைப் பார்த்துப் பேசினார்.

“எல்லாருக்கும் கேக்குற மாதிரி டிகிரியச் சொல்லச் சொல்லு.”

செயலாளர் கண்ணாடிக் குடுவையில் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை விட்டார். அது ஆடி ஆடி நின்றது. நான் மேசைமேல் கவிழ்ந்து பார்த்தேன். அவர் இரண்டாம் முறை பாலைக் கலக்கி மறுபடி போட்டார். அதுவும் அதேதான்.

“இருவத்தஞ்சு” என்றார்.

பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லும் வாய்ப்பு எனக்கு இருந்தது. “ஆமா அத்தை. இருபத்தஞ்சுதான்” என்றேன். அவர் கை கேனின் பிடிக்குப் போனது. இதையும் கவிழ்த்துவிட்டுப் போகப் போகிறார், நாளைக்குத் தரகரைக் கூப்பிடப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் மருத்துவர் மூட்டைகளை விட்டுவிட்டு இங்கே வந்தார். “என்ன தீவனம் போடுறீங்க அம்மா?” என்று கேட்டார்.

“தீவனமா? வைக்கோலுதான். அதுவும் அரை வயித்துக்கு.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

மருத்துவர் செயலாளரிடம் திரும்பினார். “ஐயா, தீனி குறைஞ்சா பாலோட திடச்சத்து குறையும். டிகிரி இறங்கும். தண்ணி ஊத்தினாதான் இறங்கும்னு இல்ல. இவங்க வீட்டுக்குப் போய், நம்ம கண்ணு முன்னாடி கறந்து பார்த்துரலாமா?”

செயலாளர் யோசித்தார். விதிமுறையில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் லாக்டோமீட்டரைத் துடைத்து மேசைமேல் வைத்தார். குடுவையைக் கழுவினார். “சாயங்காலக் கறவைக்கு இதுகளை எடுத்துக்கிட்டு வாரேன்” என்றார்.

அன்று பகல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் தொழுவத்தை இரண்டு முறை கழுவினேன். அத்தை எதுவும் நடக்காததுபோல மதியம் படுத்துத் தூங்கினார். தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தார். மூன்று மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் ஆள் கூடிவிட்டது. கூட்டம் கூடக் கூடாது என்று மருத்துவர் வந்து விரட்டியதும், கலைந்தவர்கள் வேலிக்கு வெளியே, வைக்கோல் போருக்குப் பக்கத்தில், எதிர்வீட்டு மாடியில் என்று விலகி விலகி நின்றுகொண்டார்கள். ஊரில் வேறு என்னதான் நடந்தது அந்த நாட்களில்? திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை. எங்கள் தொழுவம்தான் அன்றைக்கு மைதானம்.

செயலாளர் எங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தொடவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கொண்டு வந்திருந்தார். அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே சொட்டு நீரில்லை என்று எல்லாருக்கும் காட்டினார். மடியைக் கழுவித் துணியால் துடைக்கச் சொன்னார். பிறகு, நான் சற்றும் எதிர்பாராதது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தைக்கு எதிரே மாட்டின் மறுபக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாளியைத் தானே பிடித்துக்கொண்டார். மாட்டின் வயிற்றுக்குக் கீழே அவர்கள் இருவரின் முகங்களும் நேருக்கு நேர் இருந்தன. அத்தை கறந்தார். மூன்று மாடுகள். வாளியில் பால் விழும் சத்தத்தைத் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை.

கறந்ததும் பார்க்கலாம் என்று நான் முன்னால் போனேன். மருத்துவர் தடுத்தார். கறந்த சூட்டோடு பார்த்தால் டிகிரி குறைத்துக் காட்டும், ஆற வேண்டும் என்றார். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தோம். செயலாளர் அதன் பக்கத்திலேயே நின்றார், கண்ணை எடுக்கவில்லை. நான் தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். ஒரு முடிவுக்காக நான் அப்படித் தவித்தது என் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக்கூட இல்லை. உயர்ந்து வந்தால் காலையில் கொண்டுபோனதில் தண்ணீர் இருந்ததாக ஆகிவிடும். அத்தையின் மானம் இறங்கிய எண்ணில் இருந்தது.

மருத்துவர் பாலைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். செயலாளர் குடுவையில் ஊற்றினார். குழல் இறங்கியது, ஏறியது, ஆடியது. இந்த முறை அவர் என்னைக் கூப்பிட்டார். “டீச்சரு, நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

குனிந்து பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

“இருபத்தஞ்சு” என்று கத்தினேன். மாடுகள் மிரண்டன. “இருபத்தஞ்சு, அத்தை, இருபத்தஞ்சு!”

எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். குறைந்த எண்ணைச் சொல்லி நான் குதித்தது அந்த ஒரு நாள்தான். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அது மாடிவரை போனது. அத்தை மட்டும் மாட்டின் முதுகில் கையை வைத்தபடி அப்படியே நின்றிருந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முகக்கவசமா, அழுகையா என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

செயலாளர் வாளியைக் கீழே வைத்தார். வேலிப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அன்னைக்கும் பஞ்ச வருசம். மாடு பட்டினியாத்தான் இருந்திருக்கும். நான் பாலைப் பாத்தேனே ஒழிய மாட்டைப் பாக்கலை. தப்பு என்னோடது.” பிறகு அத்தையிடம், “மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு மொகமில்லை. பாலை நாளையில இருந்து கொண்டு வாங்க, டிகிரி ஏறுற வரைக்கும் இருக்கிறபடியே எடுத்துக்கிறேன்” என்றார்.

அத்தை கேனை எடுத்து, மிச்ச மாடுகளைக் கறக்க உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, அவரை முறை சொல்லிக் கூப்பிட்டார். “நாளைக்கு என்னத்துக்குண்ணே? இப்பக் கறக்குறதையும் எடுத்துட்டுப் போங்க. குழியில ஊத்தி எனக்குக் கையி கூசுது.”

அன்று மாலையே நான்கு மூட்டைத் தீவனமும் தாது உப்புப் பொட்டலங்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. மருத்துவர் சினை மாட்டுக்கு ஊசி போட்டார். மாடு வைத்திருப்போருக்குக் குறைந்த வட்டிக் கடன் அட்டைக்கான விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். செயலாளர் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றே கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை. மறுநாளிலிருந்து பாலின் டிகிரி இறங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் மருத்துவரும் அவரும் போனார்கள். அப்படிப் பட்டினி கிடந்த தொழுவங்கள் ஊரில் பல இருந்தன. தண்ணீர்ப்பால் என்ற பெயருக்குப் பயந்து பாலைக் கொண்டு வராமல் வீட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

அதன் பிறகான நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. காலையில் எழுந்ததும் நாட்டில் எல்லாரும் நோயின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் டிகிரியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான்கைந்து நாள் அசையவே இல்லை. பிறகு இருபத்தைந்தரை. இருபத்தாறு. ஒரு நாள் சற்றுக் கீழே போய் என்னைக் கலங்க வைத்தது. பிறகு நின்று, நிதானமாக ஏறியது. நான் தினமும் குவைத்துக்கு எண்ணை மட்டும் செய்தியாக அனுப்புவேன்; அவர் தன் அறையில் உள்ளவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுவாராம். இருபத்தெட்டைத் தொட்ட அன்று நான் சங்கத்திலிருந்து ஓடி வந்தேன். அத்தை செவலையின் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாலையில் பிறந்திருந்தது. “இருபத்தெட்டு” என்றேன். “சத்தம் போடாத, கன்னு மெரளும்” என்றார். வாய்தான் அதட்டியது.

ஊரடங்கெல்லாம் தளர்ந்த பிறகு நடந்த சங்கப் பேரவைக் கூட்டத்தில், உறுப்பினராக முதல் தடவை போன அத்தை, ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். யார் பாலையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னால், அவர்கள் வீட்டுக்குப் போய் எதிரே கறந்து பார்க்க வேண்டும், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் கை தூக்கியவர் செயலாளர். அதைத் தீர்மானமாக எழுதியதும் அவர்தான். அடுத்த ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். அத்தை இப்போது சங்க இயக்குநர்களில் ஒருவர். மருத்துவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் ஆனது. புதிதாக வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பட்டப்பெயரும் தெரியாது.

போன வாரம் ஒரு புது உறுப்பினரின் பால் சங்கத்தில் இருபத்தைந்தாக இறங்கிக் காட்டியது. வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பிய கணவனோடு சேர்ந்து இரண்டு மாடு வாங்கியிருந்த ஓர் இளம் பெண். அத்தை என்னைக் கூப்பிட்டார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இப்போது முழங்கால் வலியால் மொபெட் ஓட்டுவதில்லை. நாங்கள் போனபோது அந்தப் பெண் தொழுவத்து வாசலில், தலைத்துணியின் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். “அல்லாஹ்மேல ஆணையா நான் ஒண்ணும் சேக்கலை ஆச்சி” என்று ஆரம்பித்தாள்.

“நான் ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே தாயி. மாட்டை இங்குட்டுப் பிடி” என்றார் அத்தை.

அவரே கஷ்டப்பட்டுக் குந்தினார். அவரே கறந்தார். ஆற வைத்து, குடுவையில் ஊற்றிக் குழலை விட்டதும், அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் எண்ணைப் படித்தேன். அத்தை அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, பள்ளியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

“கண்ணைத் தொற. இருவத்தஞ்சு.”